யாருமில்லாதவர்களுக்கு ஒரு நாத்தனார்

மில்லு அக்காவைப் போல முகம் மாறாமல் பொய் சொல்கிறவர்களை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பொய் சொல்கிறவர்களுக்குக் கண் ஓரிடத்தில் நிற்காது. தொண்டையைச் செருமிக்கொள்வார்கள். கேட்டதற்கு மேல் விவரம் கொடுப்பார்கள். புதுச்சேரிப் பெரியாஸ்பத்திரி ஒன்றில் இலவசச் சீட்டு எழுதும் சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, இதையெல்லாம் கண்டுபிடிக்கவே சம்பளம் வாங்கியவன் நான். அக்காவிடம் எதையும் கண்டுபிடிக்க முடிந்ததில்லை. "இவளுக்கு யாருமில்ல, எழுதுங்க முசியே" என்று சொல்லிவிட்டு, வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளிக்கொண்டு நிற்பாள். அவ்வளவுதான்.

முசியே என்பது பிரெஞ்சுக்காரர் காலத்து 'ஐயா'. அந்த வார்த்தையால் அழைக்கப்படும் தகுதி எனக்கு இருந்ததில்லை. நான் சாரம் என்ற பக்கத்து ஊரிலிருந்து சைக்கிளில் வரும் சின்ன குமாஸ்தா. வயது இருபத்தைந்துகூட ஆகவில்லை. அவள் கேலிக்குத்தான் அப்படிக் கூப்பிட்டாள் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் கேட்க நன்றாகத்தான் இருந்தது.

சீட்டு விஷயத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆஸ்பத்திரியில் ஏழைகளுக்கு ஒரு வார்டு, பணம் கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்டு. ஏழை என்பதற்கு மேரியிலிருந்து தாள் வாங்கி வரவேண்டும். நகராட்சி அலுவலகத்துக்கு அன்று மேரி என்றுதான் பெயர். தாள் வாங்க நேரமில்லாமல் நோயாளி வாசலுக்கே வந்துவிட்டால், முடிவு என் சன்னலில். நான்கு கேள்விகள் கேட்பேன். வீடு ஓடா, கூரையா? சம்பாதிக்கிறவர் எத்தனை பேர்? நிலமோ தொழிலோ சொத்து ஏதும் உண்டா? செலவைத் தாங்குகிற உறவு உண்டா? நான்குக்கும் சரியான பதில் வந்தால் இலவச வார்டு. ஒன்று பிசகினாலும் இல்லை.

அக்கா முதலியார்பேட்டையில் ஒரு நூற்பாலையில் வேலை செய்தாள். நாற்பதைத் தாண்டியவள். கட்டையான உருவம், காதில் வேப்பங்குச்சி, கூந்தலில் எப்போதும் பஞ்சுத் துகள். ஷிப்டு முடிந்ததும் வீட்டுக்குப் போகமாட்டாள். யாராவது ஒரு நோயாளியைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு என் சன்னலுக்கு வருவாள். மில் தொழிலாளி, கொத்தனார், பூக்காரி, வண்டிக்காரர், பெரிய பள்ளிவாசல் பக்கத்திலிருந்து தையற்காரர் குடும்பம் என்று சாதி மத பேதம் இல்லாமல் வருவாள். ஒருவரையும் உண்மையான கணக்கில் கொண்டுவந்ததில்லை. ஓட்டு வீடு அவள் வாயில் கூரையாகிவிடும். இரண்டு பிள்ளைகள் சம்பாதிக்கும் வீட்டில் இருவரும் ஓடிப்போயிருப்பார்கள்.

ஒரு மாதத்தில் மூன்று வெவ்வேறு பெண்கள் ஒரே புடவையில் வந்ததைக் கவனித்தேன். செம்மண் நிறம், முழங்கால் பக்கத்தில் நீலக்கோடு போட்ட மில் துணியால் ஓர் ஒட்டு. நான்காவது முறை அந்த ஒட்டு உள்ளே நுழைந்தபோது எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. நோயாளியை உட்காரச் சொல்லிவிட்டு அக்காவைத் தனியே கூப்பிட்டு, இந்தப் புடவைக்கு நான் ஏற்கெனவே மூன்று சீட்டு எழுதிவிட்டேன் என்றேன். அவள் வெட்கப்படவில்லை. "அடடா, அப்போ வேற பொடவ பாக்கணும்" என்றாள். பிறகு, ஏழையைப் பார்த்தால் ஏழை மாதிரி தெரியவேண்டும் என்று யார் சட்டம் போட்டது என்று கேட்டாள். காய்ச்சலோடு வருகிறவள் இருப்பதில் நல்லதைக் கட்டிக்கொண்டுதான் வருவாள், நாலு பேர் பார்க்கும் இடம், அந்த மானத்தை அவிழ்த்துப் போட்டுவிட்டு வா என்று அவளிடம் தான் சொல்லவேண்டியிருக்கிறது, அதைச் சொல்லும்போது தனக்குத்தான் வாய் கூசுகிறது என்றாள். நான் சீட்டு எழுதினேன்.

பிரெஞ்சுக்கொடி இறங்கி நம் கொடி ஏறிய மறுவாரம் வந்து, "கொடி மாறிப்போச்சு, கேள்வி மாறலியா?" என்று கேட்டாள். மாறவில்லை என்றேன். அவளுக்கு அது உண்மையிலேயே ஆச்சரியமாக இருந்தது.

அவள்மேல் எனக்கு மரியாதை மட்டும்தான் இருந்தது என்று எழுதினால் அதுவும் ஒரு பொய்யாகிவிடும். எரிச்சலும் இருந்தது. மருந்துக் கிடங்கைப் பார்த்துக்கொண்டவர் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த மனிதர், மிகவும் நேர்மையானவர். அவர் பேச்சில் நியாயம் இருந்தது. எல்லோருக்கும் எல்லாம் இலவசம் என்று கதவைத் திறந்துவிட்டால் தலைவலிக்காரனும் வரிசையில் நிற்பான், ஆண்டுக்கு வந்த மருந்து ஆறு மாதத்தில் தீரும், அரசாங்கம் சாராயத்துக்கும் தீப்பெட்டிக்கும் வரியை ஏற்றும், கடைசியில் அதைக் கட்டுகிறவனும் இதே ஏழைதான் என்பார். ஒருமுறை அக்கா எண்ணெய்க்கடைக்காரர் ஒருவரின் மனைவியைச் செம்மண் புடவையில் கொண்டுவந்து சேர்த்துவிட்டாள். அந்த அம்மாளுக்குப் போட்டது கிடங்கில் இருந்த கடைசிப் பெனிசிலின். மறுநாள் ஒரு கூலிக்காரரின் குழந்தை வந்தபோது கையை விரித்தோம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு கடலூர் பஸ்ஸுக்கு ஓடினார்கள். என்ன ஆயிற்று என்று தெரியாது.

இதை அக்காவிடம் சொன்னேன். கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். அவள் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "ஊசி தீந்துபோச்சுன்னா மேல எழுதி இன்னும் நாலு பெட்டி கேளுங்க. ஆள ஏன் கொறைக்கிறீங்க?" என்றாள். அவளுடைய பொருளாதாரம் அவ்வளவுதான். கிடங்குக்காரர் அதைக் கேட்டுவிட்டு, நாலு பெட்டிக்கு யார் அப்பன் வீட்டுப் பணம் என்றார். இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொண்டதே இல்லை. என் சன்னல் வழியாகத்தான் பேசினார்கள். நான் அன்று கிடங்குக்காரர் பக்கம். இன்று யார் பக்கம் என்று கேட்கிறார்கள். பேரப்பிள்ளைகள் கூடத்தில் உட்கார்ந்து அரசாங்கமே எல்லோருக்கும் வைத்தியச் செலவைக் கொடுத்தால் நாடு தாங்குமா என்று வாதாடும்போது, ஆஸ்பத்திரியில் இருந்தவராயிற்றே, நீங்கள் சொல்லுங்கள் தாத்தா என்கிறார்கள். எழுந்து போய்க் கை கழுவிக்கொள்கிறேன்.

பின்னாட்களில் அக்காவின் பொய் வேறு மாதிரி ஆனது. யாருமில்லை என்று சொல்வதை விட்டுவிட்டாள். யாரைக் கொண்டுவந்தாலும், "நான் இருக்கறேன். நாத்தனாரு. என் பேர எழுதுங்க" என்பாள். சம்பாத்தியம் இல்லாத நாத்தனார், செலவைத் தாங்கமுடியாத நாத்தனார், ஆனால் நாத்தனார். பூக்காரிக்கு நாத்தனார். தையற்காரர் மனைவிக்கும் நாத்தனார். மெட்ராஸிலிருந்து மாற்றலாகி வந்த புது அதிகாரி பதிவேட்டைப் புரட்டிவிட்டு, இந்த ஊரில் ஒரே ஒரு நாத்தனார்தான் இருக்கிறாளா என்று என்னைக் கேட்டார். பெரிய குடும்பம் சார் என்றேன். நான் மேலதிகாரியிடம் சொன்ன முதல் பொய் அது. தொண்டையைச் செருமிக்கொண்டுதான் சொன்னேன்.

அவள் ஏன் அப்படி மாறினாள் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதிக்கொண்டிருக்கிறேன். சொல்லாமல் இருக்க வழி இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை.

ஒரு நாள் காலை, ஷிப்டுக்கு முன்பே, அக்கா வைத்திக்குப்பத்துப் பெண் ஒருத்தியைக் கொண்டுவந்தாள். மீன் விற்கிறவள். முப்பது வயது இருக்கலாம். நான்கு நாள் காய்ச்சல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் குந்தியிருந்தாள். புருஷனும் கூட வந்திருந்தான். கறுத்து ஒல்லியான ஆள், ஆஸ்பத்திரி வாசனைக்கே மிரண்டுபோயிருந்தான். அன்றைக்கு அதிசயமாக அக்கா உண்மையைச் சொன்னாள். பொய் சொல்லத் தேவையே இல்லை, இதைவிட ஏழையை எங்கே தேடுவது என்று நினைத்திருப்பாள். கூரை வீடு, ஒரே சம்பாத்தியம், உறவுகள் எல்லாம் இதே கதி. மூன்றாவது கேள்விக்கு அந்த ஆளே பதில் சொன்னான். படகில் தனக்கு ஒரு பங்கு இருக்கிறது என்றான். அதைச் சொல்லும்போது அவன் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

படகில் பங்கு என்றால் தொழிற்சொத்து. சுற்றறிக்கையில் அச்சடித்தே இருந்தது. முந்தின மாதம்தான் தணிக்கைக்கு வந்தவர்கள் இப்படிப்பட்ட இரண்டு சீட்டுகளைக் காட்டி என்னிடம் விளக்கம் கேட்டிருந்தார்கள். முடியாது என்றேன்.

அக்கா கத்தவில்லை. என் முகத்துக்கு நேராகக் குனிந்து மெதுவாகக் கேட்டாள். "படக வித்துட்டு வந்தா சீட்டு குடுப்பீங்க, இல்ல?"

ஆமாம் என்றேன்.

"வித்துட்டா அவன் ஆயுசுக்கும் உங்க சன்னலுக்குத்தான் வருவான். படகு இருந்தா ஒரு வாட்டியோட போயிருவான். கவர்மெண்டுக்கு எது லாபம், நீங்களே சொல்லுங்க."

படித்த பெரிய மனிதர்கள் பலரிடம் நான் பிற்காலத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறேன். ஒருவரும் நேராகப் பதில் சொன்னதில்லை. அன்று விதியைச் சுட்டிக்காட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். மூவரும் வெளியே போனார்கள்.

ஒரு மணி நேரம் கழித்து அக்கா திரும்ப வந்தாள். அதே பெண். இப்போது செம்மண் புடவை. கழுத்தில் தாலி இல்லை, நெற்றியில் பொட்டு இல்லை. புருஷனைக் காணோம். அக்கா என்னை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்ப்பவள் மாதிரி வணக்கம் சொன்னாள்.

"இவளுக்கு யாருமில்ல, எழுதுங்க முசியே."

நானும் முதல்முறை பார்ப்பவன் மாதிரியே கேட்டேன். ஓடா கூரையா? கூரை. சம்பாதிக்கிறவர்? இல்லை. சொத்து? இல்லை. உறவு? அந்தப் பெண் அக்காவைப் பார்த்தாள். அக்கா தலையை அசைத்தாள். இல்லை என்று அந்தப் பெண்ணே தன் வாயால் சொன்னாள். இரக்கப்பட்டுத்தான் எழுதினேன். அந்த மாதம் முழுக்க நான் செய்த ஒரே நல்ல காரியம் இதுதான் என்று நினைத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பதினான்காம் கட்டில். கணவர், இல்லை. உறவினர், இல்லை.

புருஷனிடம் அக்கா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள். உள்ளே கால் வைக்காதே, யாராவது பார்த்துவிட்டால் அவளைப் படுக்கையிலிருந்து இறக்கிவிடுவார்கள், சேதி நான் கொண்டுவருகிறேன் என்று. அவன் கடலுக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே பூவரச மரத்தடியில் மூன்று நாளும் காத்திருந்தான். சாயங்காலம் ஷிப்டு முடிந்து அக்கா வந்து அவனிடமிருந்து கஞ்சித் தூக்கை வாங்கிக்கொண்டு உள்ளே போவாள், வெறும் தெரிந்தவர்கள் மாதிரி. திரும்பி வந்து குடித்தாள், பேசினாள், உன்னைக் கேட்டாள் என்று சொல்வாள். அவற்றில் எது உண்மை என்று எனக்குத் தெரியாது. சைக்கிளில் போகும்போதும் வரும்போதும் நானும் அவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான், காட்டிக்கொடுத்துவிடக் கூடாதே என்று.

மூன்றாம் நாள் மதியம் வார்டு ஆள் என் சன்னலுக்கு வந்து, பதினாலு போயிடுச்சு, சொந்தம் யாராவது எழுதியிருக்கா என்று கேட்டான். வரிசையில் நிறையப் பேர் நின்றிருந்தார்கள். பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். இல்லை என்று இருந்தது. இல்லை என்றேன். அவன் கொடுத்த தாளிலும் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அந்தப் பெண்ணின் முகம் எனக்கு நினைவுக்கு வரவில்லை. மூன்று நாளுக்கு முன் இரண்டு முறை பார்த்த முகம். பதினாலு என்றதும் ஓர் எண்ணாகத்தான் தோன்றியது. இதற்குமேல் எனக்கு விளக்கம் கிடையாது. யாருமில்லாத உடலை அந்த வெயிலில் வைத்திருக்கமாட்டார்கள். நாலு மணிக்கு நகராட்சி வண்டி வந்தது, போனது.

ஐந்தரைக்கு அக்கா தூக்கோடு வார்டுக்குப் போய்விட்டு என்னிடம் வந்தாள். பதினான்காம் கட்டிலில் வேறு யாரோ படுத்திருக்கிறார்கள், வார்டை மாற்றினீர்களா என்று கேட்டாள். அப்போதுதான் எனக்கு எல்லாம் சேர்ந்து விளங்கியது. சொன்னேன். எந்த வார்த்தைகளில் சொன்னேன் என்பது மறந்துவிட்டது. அவள் தூக்கைச் சன்னல் பலகையில் வைத்துவிட்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டாள். ஒரு செம்பு முழுக்கக் குடித்தாள். பிறகு, நீங்களும் வாங்க என்றாள். அந்த ஒருமுறை மட்டும் முசியே சொல்லவில்லை.

மரத்தடியில் அவன் எங்கள் இருவரையும் சேர்த்துப் பார்த்ததுமே எழுந்து நின்றுவிட்டான். அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்து அதிலிருந்த தாலியை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். அவன் அதைப் பார்த்தான். கேட்டிலிருந்து தெருக்கோடிவரை ஒருமுறை பார்த்தான்.

"ஒரு வண்டி போச்சு. தார்ப்பாய் போட்டு மூடி இருந்துச்சு" என்றான். "நான்தான் ஒதுங்கி வழிவுட்டேன்."

அவன் அழவில்லை. அக்கா அவனை வைத்திக்குப்பம்வரை நடத்திக் கூட்டிக்கொண்டு போனாள். நான் உள்ளே போய்ப் பதிவேடுகளை அடுக்கி வைத்தேன். எனக்கு ஏதாவது தோன்றியிருக்கவேண்டும். ஒன்றும் தோன்றவில்லை. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன். அது இன்றுவரை எனக்கு அவமானமாக இருக்கிறது.

அக்காவின் பொய்தான் அந்தப் பெண்ணை இப்படி ஆக்கியது என்று கிடங்குக்காரர் சொன்னார். விதியின்படி நடந்திருந்தால் அவள் புருஷன் கையிலேயே செத்திருப்பாள் என்றார். அது சரிதான். அந்த மூன்றாவது கேள்வியே இல்லாதிருந்தால் அக்கா பொய் சொல்லியிருக்கவே வேண்டாம் என்று எனக்குப் பட்டது. அதுவும் சரிதான். இரண்டில் எந்தப் பக்கமும் என்னால் முழுக்கச் சாய முடியவில்லை. பின்னால் என்னைக் காரைக்காலுக்கு மாற்றினார்கள். அக்காவை அதன்பின் பார்க்கவில்லை. எப்போது செத்தாள், யார் எடுத்துப் போட்டார்கள் என்பதெல்லாம் தெரியாது.

அந்தப் பெண் செத்த மறுநாள் காலைக்கு வருகிறேன். நான் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டேன். அக்கா ஷிப்டுக்குப் போகவில்லை. புருஷனையும் அழைத்துக்கொண்டு மூவரும் ஊருக்கு வெளியே நகராட்சி இடுகாட்டுக்குப் போனோம். மூலையில் நான்கு புது மேடுகள் ஒன்றை ஒட்டி ஒன்று இருந்தன. கல்லோ குச்சியோ எதுவும் இல்லை. காவலாளி கள்ளிவேலியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தான். நான் அவனைத் தனியே கேட்டேன். நேற்றும் முந்தாநாளும் சேர்ந்து நான்கு வந்தன, எது எது என்று எழுதி வைக்கிற வழக்கம் இல்லை என்றான். தோண்டிப் பார்க்க முடியுமா என்றேன். மேரி உத்தரவு இல்லாமல் மண்வெட்டி தொடமாட்டேன் என்றான்.

புருஷன் நான்கு மேடுகளுக்கும் முன்னால் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு காவலாளிப் பக்கம் திரும்பி, எது என்று கேட்டான்.

காவலாளி வாயைத் திறப்பதற்குள் அக்கா நேராக நடந்து போய் மூன்றாவது மேட்டின் தலைமாட்டில் நின்றாள்.

"இதான் தம்பி. மண்ணு இன்னும் ஈரம் காயல பாரு. நேத்து சாயங்காலம் போட்டது இதான்" என்றாள். காவலாளியைப் பார்த்து, "இல்லியாய்யா?" என்றாள்.

நான்கு மேடுகளும் ஒரே ஈரமாகத்தான் இருந்தன. காவலாளி என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், ஆமாம் என்றான்.

புருஷன் அந்த மேட்டருகே உட்கார்ந்து இரண்டு கைகளையும் மண்ணில் வைத்தான். பிறகு மூன்று நாள் அழுகையையும் அங்கேயே அழுதான். நாங்கள் தள்ளி வந்து கள்ளிவேலியோரம் நின்றோம். அக்காவின் கண் ஓரிடத்தில் நிற்காமல் அலைவதை அன்றுதான் பார்த்தேன்.

அது மூன்றாவதுதான் என்று எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"எனக்கு இன்னா தெரியும்" என்றாள். "அவன் எங்கனா ஒரு எடத்துல ஒக்காரணும் இல்ல?"